சத்தம் உண்டு, தண்ணீர் இல்லை: 1983 மெர்சிடிஸ் ஒன்றின் வாஷர் பம்ப்

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா போகும் வழியில், ஆயர் ஹீத்தாமைத் தாண்டி யோங் பெங் நெருங்கும்போது மாலை ஆறரை இருக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை, இடது முன்பக்கத்திலிருந்து சாய்வெயில். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பூச்சிகள் மழைபோல் வந்து கண்ணாடியில் அடிக்கும். சித்தப்பா ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள, கண்ணாடி கழுவும் வாஷருக்கான தண்டை அழுத்தினார். பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் பீச்சும் நாசிலின் வாயில் தண்ணீர் ஒழுகியதே தவிர, கண்ணாடியை எட்டவில்லை. வைப்பர் காய்ந்த கண்ணாடியில் ஓடி, பூச்சிச் சாற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து விட்டது. எதிர்வெயில் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால் பூசியது போல ஆகிவிட்டது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் போகும். நாங்கள் நான்கு நொடியாவது ஒன்றும் தெரியாமல் போயிருப்போம், அதாவது நூறு மீட்டர். சித்தப்பா பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்தினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டுத்தான் மலாக்கா போனோம். ரேடியோ வேலை செய்யவில்லை என்றால் விட்டுவிடலாம், வாஷரை அப்படி விட முடியாது. திரும்பி வந்த வாரமே வேலையை ஆரம்பித்தோம். என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் இதே புகாரைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

வண்டியும் அதன் வரலாறும்

வண்டி 1983ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் 200. டபிள்யூ 123 என்ற வரிசையைச் சேர்ந்தது. 1976 முதல் 1985 வரை விற்பனையில் இருந்த வரிசை, சுமார் 27 லட்சம் வண்டிகள் செய்திருக்கிறார்கள். சித்தப்பா இதை 2019இல் வாங்கி, சிங்கப்பூரின் பழமைவாய்ந்த வாகனத் திட்டத்தின்கீழ் வைத்திருக்கிறார். 35 வயதைக் கடந்த வண்டிகளுக்கான திட்டம் அது. ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். மற்ற 320 நாளும் வண்டி செலிட்டார் ஹில்ஸில் அவர் வீட்டு முன்கூரையின்கீழ் நிற்கும், பக்கத்தில் ஒரு மாமரம். இந்த 320 நாளையும் அந்த மாமரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பழுதின் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

வாங்கியபோது வாஷர் நன்றாக வேலை செய்தது. இரண்டு ஆண்டு கழித்து ஒருநாள் தண்டை அழுத்தினால் சத்தமே இல்லை. ஒரு பட்டறையில் காட்டினார். அசல் பம்ப் இறுகிப்போய்விட்டது என்று சொல்லி, எந்த வண்டிக்கும் பொருந்தும் பொதுவகைப் பம்ப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். சத்தம் வந்தது, தண்ணீர் வலுவாக வரவில்லை. இன்னொரு பட்டறைக்குப் போனார். புதுப் பம்பே மட்டமானது என்று அதையும் மாற்றினார்கள். அப்போதும் அதே ஒழுகல்தான். மூன்றாவதாக ஒருவர், "பழைய கார் அங்கிள், இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பாவும் அதை நம்பி மூன்று ஆண்டாக அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் அன்று நடந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். 40 வயது வண்டியில் கதவு கிறீச்சிடலாம், இருக்கைத் துணி நைந்துபோகலாம். புதுப் பம்ப் புதுப் பம்பாக வேலை செய்யாததற்கு வண்டியின் வயது விளக்கமாகாது.

முதல் நாள் அளவுகள்

எனக்குத் தொழில் மின்தூக்கிப் பராமரிப்பு. அந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது, மோட்டார் சத்தம் போடுகிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று எழுதிவிடக் கூடாது என்பது. அதனால் மல்டிமீட்டருக்கு முன்னால் சித்தியின் சமையலறையிலிருந்து ஓர் அளவுக் குவளையை எடுத்து வந்தேன். பம்பின் வாயிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு சிறு குழாயைப் பொருத்திக் குவளைக்குள் விட்டேன். சித்தப்பா பத்து வரை எண்ணிக்கொண்டு தண்டை அழுத்தினார். பத்து நொடியில் 60 மில்லி.

இந்த ஒரு சோதனை வேலையைப் பாதியாக்கிவிடும். குழாயையும் நாசிலையும் கழற்றிவிட்ட பிறகும் தண்ணீர் குறைவு என்றால், முதல் பழுது பம்புக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அது தொட்டியில் இருக்கலாம், பம்பில் இருக்கலாம், இல்லை மின்சாரத்தில் இருக்கலாம். இந்த வகைப் பம்ப் சின்ன இம்பெல்லரை, அதாவது இறக்கைச் சக்கரத்தை, சுழற்றித் தண்ணீரை வெளியே எறிவது. பழுது இல்லாத வண்டியில் பத்து நொடிக்குக் கால் லிட்டருக்கு மேல் தர வேண்டும். அதற்குத் தானாகத் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கத் தெரியாது. அதனால்தான் தொட்டியின் அடியில், தண்ணீர் தானே வந்து நிரம்பும் இடத்தில், ஒரு ரப்பர் வளையத்துக்குள் அதைச் செருகி வைக்கிறார்கள்.

அடுத்து மின்சாரம். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது. பம்பின் இணைப்பைக் கழற்றி அளந்தால் அங்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பல பட்டறைகளில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், கரண்ட் வருகிறது, பம்ப் தான் கெட்டது என்று முடித்துவிடுகிறார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது பம்பின் இரண்டு முனைகளுக்கு இடையே 8.9 வோல்ட்தான் இருந்தது. 3.6 வோல்ட் வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது.

தொலைந்ததைத் தேடுவது எளிது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே கம்பிவழியின் இரண்டு பக்கமும் வைத்து, பம்பை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று நேராகத் தெரிந்துவிடும். ஃபியூஸின் இரண்டு முனைக்கும் இடையே 1.9. பம்பின் எர்த் கம்பியிலிருந்து பேட்டரியின் எதிர்முனைவரை 1.3. தண்டும் மற்ற கம்பிகளும் சேர்ந்து 0.4. கூட்டினால் 3.6, கணக்குச் சரியாக வந்தது.

ஃபியூஸில் இவ்வளவு விழுவது அந்தக் காலத்து வண்டிகளின் பொதுவான நோய். இப்போதைய வண்டிகளில் வரும் தட்டை ஃபியூஸ் இதில் கிடையாது. சின்ன வெடிகுண்டு வடிவத்தில், வெளியே ஓர் உலோகப் பட்டையோடு, இரண்டு வில் தகடுகளுக்கு நடுவே நிற்கும் ஃபியூஸ் இது. வெள்ளை என்றால் 8 ஆம்பியர், சிவப்பு என்றால் 16. கூம்பு முனை தகட்டைத் தொடும் இடம் மிகச் சிறியது. நம் ஊர் ஈரக் காற்றில் அந்த இடத்தில் வெண்மையாகப் பூத்துவிடும். ஃபியூஸ் அறுந்திருக்காது, எடுத்துப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், ஆனால் வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருக்கும். விரலால் அதே இடத்தில் நாலைந்து முறை சுழற்றிவிட்டதுமே 1.9 என்பது 0.5க்கு இறங்கியது. பிறகு தகடுகளைத் தேய்த்து, செம்புப் பட்டை உள்ள புது ஃபியூஸ் போட்டதும் 0.1. எர்த் முனையையும் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப இறுக்கினேன். பம்பில் 11.8 வோல்ட் வந்துவிட்டது.

முடிந்தது என்று நினைத்துக் குவளையைப் பிடித்தோம். 95 மில்லி.

கொஞ்சம் மனம் சோர்ந்தது. சித்தப்பா உள்ளே போய் இரண்டு குவளை தேநீர் கொண்டு வந்தார். அப்போதுதான் அவர் பீட்டில் கதையைச் சொன்னார். இளவயதில் அவருடைய நண்பர் ஒருவர் வோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருந்தாராம். அந்த வண்டியில் வாஷருக்குப் பம்பே கிடையாது. முன்பக்கம் கிடக்கும் ஸ்பேர் டயரிலிருந்து ஒரு குழாய் தொட்டிக்குப் போகும், டயரின் காற்றுதான் தண்ணீரைத் தள்ளும். டயர் முழுக்கக் காலியாகிவிடாதபடி, ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும் வால்வும் உண்டு. "கரண்டே இல்லாம கண்ணாடி உச்சிவரைக்கும் அடிக்கும்டா. இதுல இவ்வளவு ஒயர் இருந்தும் ஒழுகுது பாரு" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. அந்த ஏற்பாட்டில் தவறக்கூடிய இடங்கள் உண்மையிலேயே குறைவு.

தொட்டிக்குள்

மறுநாள் தொட்டியைக் கழற்றினோம். மூடி விளிம்பில் வெடித்திருந்தது, சரியாக மூடவில்லை. வெளியே பார்க்கப் பழுப்பேறிய பிளாஸ்டிக், உள்ளே விரல் விட்டால் ஜெல்லி மாதிரிப் பாசி. அடியில் மாம்பூவின் துகளும் இலை நாரும் படிந்து, பம்பின் உறிஞ்சுவாயைப் பாதி அடைத்திருந்தன. அசல் பம்ப் வந்தபோது அந்த வாயில் ஒரு சின்ன வலை இருந்திருக்க வேண்டும். இரண்டு முறை பம்ப் மாற்றியவர்களும் வலை போடவில்லை, தொட்டியைக் கழுவவும் இல்லை. மூடி சரியில்லாத தொட்டியில் தேங்கிய தண்ணீர் என்றால் நம் ஊரில் டெங்கி ஞாபகமும் வர வேண்டும். பூச்சாடித் தட்டைக் கவிழ்த்து வைக்கும் சித்திக்கு, காருக்குள் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் திறந்து கிடந்தது தெரியாது.

வெந்நீரும் கொஞ்சம் அரிசியும் போட்டுக் குலுக்கி நாலு முறை கழுவினேன். அரிசி, புட்டி கழுவும் பழைய வழிதான், மூலைகளுக்குள் நன்றாகப் போய்ச் சுரண்டும். ஒரு மணி கூட மிச்சம் இல்லாமல் அலசிவிட வேண்டும். திரும்பப் பொருத்தி அளந்தால் 120 மில்லி. கூடியிருக்கிறது, போதாது.

கழித்தல் குறி

பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சின்க்கிற்குப் போனேன். ஒரு வாளித் தண்ணீர், என்னிடமிருந்த சிறிய 12 வோல்ட் பேட்டரி. பம்பின் உடம்பில் கூட்டல் குறி போட்டிருந்த முனைக்குச் சிவப்புக் கம்பி, மற்றதற்குக் கறுப்பு. பத்து நொடியில் 310 மில்லி, சின்க்கைத் தாண்டிச் சுவரில் அடித்தது. அதே பம்ப், ஏறத்தாழ அதே வோல்ட், அதே ஆழத் தண்ணீர். வண்டியில் மட்டும் 120.

அப்போதுதான் முதல் நாள் பார்த்தது நினைவுக்கு வந்தது. பம்பின் முனைகளை அளந்தபோது மீட்டர் காட்டியது 8.9 அல்ல, மைனஸ் 8.9. சிவப்பு முனையை பம்பின் கூட்டல் குறி மேல்தான் வைத்திருந்தேன். வளைந்து உட்கார்ந்து அளந்ததால் கை மாறிவிட்டது என்று எண்ணி, குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தாளில் எழுதினேன். அது என் தவறு. அந்தக் குறியை அன்றே மதித்திருந்தால் மறுநாள் வேலையின் முக்கால்வாசியை முதல் நாளே முடித்திருக்கலாம். இப்போதெல்லாம் மீட்டர் காட்டுவதைக் குறியோடுதான் எழுதுகிறேன்.

இந்தச் சின்ன மோட்டார்களுக்குள் நிலையான காந்தம் இருக்கிறது. கூட்டலையும் கழித்தலையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் நிற்காது, எரியாது, மறுபக்கம் சுழலும். சத்தமும் கிட்டத்தட்ட அதே சத்தம். ஆனால் தண்ணீர் வெளியேறும் வாய், இம்பெல்லர் சுழலும் திசைக்கு ஏற்ப ஓரமாக வைக்கப்பட்டது. தலைகீழாகச் சுழன்றால் கொஞ்சம் தண்ணீர் வரும், அழுத்தம் இருக்காது. சத்தம் உண்டு, தண்ணீர் இல்லை என்ற புகார் அப்படியே அதுதான்.

எப்படி மாறியது என்பதும் தெரிந்துவிட்டது. அசல் பம்பின் இணைப்பு ஒரே பக்கமாகத்தான் செருக முடியும். பொதுவகைப் பம்பின் வாய் வேறு வடிவம் என்பதால் முதல் பட்டறையில் அசல் இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு கம்பியையும் தனித்தனியாகக் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு கம்பி பழுப்பு, இன்னொன்று கறுப்பில் வண்ணக் கோடு. ஜப்பானிய வண்டிகளிலேயே கை பழகியவர்களுக்குக் கறுப்பு என்றால் எர்த். ஜெர்மன் வண்டிகளில் எர்த் பழுப்பு. கறுப்பு அநேகமாகச் சாவி போட்டதும் மின்சாரம் வரும் கம்பி. ஜெர்மன் வண்டிகளின் மின்வரைபடத்தில் முனைகளுக்கு எண்ணும் உண்டு: 31 என்றால் எர்த், 53சி என்றால் கண்ணாடி வாஷர் பம்ப். வரைபடத்தை ஒருமுறை திறந்திருந்தால் போதும். இரண்டாவது பட்டறையில் பழைய கிளிப் இருந்த இடத்திலேயே புதுப் பம்பை மாட்டிவிட்டார்கள், தவறும் அப்படியே வந்துவிட்டது. யாரையும் திட்ட இதைச் சொல்லவில்லை. மாற்றிய பிறகு வண்டியின் முன்னால் நின்று தண்ணீர் எங்கே விழுகிறது என்று யாராவது பார்த்திருந்தால் சித்தப்பா மூன்று ஆண்டு இப்படி ஓட்டியிருக்க மாட்டார் என்பதற்காகச் சொல்கிறேன்.

கம்பிகளை மாற்றி மாட்டினேன். வண்டியிலேயே 300 மில்லி. சித்தப்பா குவளையைத் தானே வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

கம்பி இனி மாறாமல் இருக்க, ஒரு பக்கமாக மட்டும் செருகக்கூடிய இரண்டு முனை நீர்புகா இணைப்பு ஒன்றைப் போட்டேன். சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

குழாயும் நாசிலும்

இது சுருக்கமான வேலை. குழாயை மாட்டியதும் வலது பக்கம் கண்ணாடியின் உச்சிவரை அடித்தது, இடது பக்கம் செத்திருந்தது. இரண்டாகப் பிரியும் டி வடிவத் துண்டில் அதே பாசி. குழாயும் இறுகிப்போய், வளைத்தால் வெடித்தது, முழுக்க மாற்றிவிட்டோம். நாசிலை எப்போதும் வெளிப்பக்கமிருந்து உள்ளே ஊத வேண்டும், அழுக்கு வந்த வழியே போகும். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் தண்ணீர் பீச்சாமல் கொட்டும். மின்கம்பிக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும். குழாயின் வழியில், தண்ணீரைத் திரும்பி ஓடவிடாத வால்வு ஒன்றும் போட்டோம், அழுத்திய உடனே தண்ணீர் வருகிறது. நெடுஞ்சாலையில் அந்த ஒரு நொடியும் முக்கியம்.

அசல் பம்ப்

சித்தப்பா பழையதை எறிபவர் இல்லை. 1983ஆம் ஆண்டின் அசல் பம்ப் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. அதை எப்படியாவது திரும்பப் போட முடியுமா என்று கேட்டார். எனக்கும் ஆசைதான். உடம்பு ஒட்டி மூடியது, திறக்க வழியில்லாததால் இணைப்புக் கோட்டில் மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன்.

உள்ளே மோட்டார் தண்டில் துரு, சுழலும் பகுதிக்கு மின்சாரம் வாங்கும் கம்யூட்டேட்டரில் பச்சைக் களிம்பு, அதைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் பிரஷ் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. அதாவது இந்தப் பம்ப் ஓடித் தேய்ந்து சாகவில்லை. தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் காய்ந்து, அந்த வழியே தண்ணீர் மோட்டாருக்குள் ஏறியிருக்கிறது. சீலுக்குத் தண்ணீர்தான் மசகு. வெடித்த மூடி வழியாக மாதக்கணக்கில் தண்ணீர் ஆவியாகித் தொட்டி வற்றியிருக்கும், தெரியாமல் வெற்றுத் தொட்டியோடு அழுத்தியிருப்பார். அப்படி உலர்ந்து ஓடினால் சீலின் உதடு கருகிவிடும். அடுத்த முறை தொட்டியை நிரப்பியதும் தண்ணீர் மேலே ஏறும், பிறகு வண்டி பல வாரம் நிற்கும், துருவுக்கு அவகாசம் தாராளமாகக் கிடைக்கும்.

கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களைச் சுத்தம் செய்து, பிரஷ்களை விடுவித்தேன். மோட்டார் எழுந்து ஓடியது, நாற்பது வயது மோட்டாரின் அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த அளவுக்குச் சீல் கிடைக்கவில்லை. பழைய சீலோடே ஒட்டி வாளியில் இருபது நிமிடம் ஓட்டியதில் மோட்டார் பக்கம் ஈரம் வந்துவிட்டது. திரும்பப் போட வேண்டாம் என்று சொன்னேன். அசல் என்பதற்காக, மறுபடி ஒருநாள் நெடுஞ்சாலையில் நின்றுபோகக்கூடிய ஒன்றை மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சித்தப்பா ஒத்துக்கொண்டார், டின் அலமாரிக்குத் திரும்பியது.

என்ன தண்ணீர் ஊற்றுவது

இதைப் பற்றி அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருந்தது. அவர் ஊற்றிக்கொண்டிருந்தது குழாய்த் தண்ணீரும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும். அந்தத் திரவம் நுரைக்கும், கண்ணாடியில் படலம் விடும். பலவற்றில் கெட்டியாக்குவதற்கு உப்பும் சேர்க்கிறார்கள், அது உலோகத்துக்கு ஆகாது. வெறும் தண்ணீர் அதைவிட மோசம். 2010இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, ஸ்கிரீன்வாஷ் என்ற கண்ணாடி கழுவும் திரவம் கலக்காத வாஷர் தண்ணீரை லெஜியனேர்ஸ் என்ற நுரையீரல் நோயோடு தொடர்புபடுத்தியது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளரும் கிருமி, நாசில் வழியே நுண்துளியாகக் காற்றில் கலக்கிறது. இங்கே போனட்டுக்கு அடியில் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். "குழாய்த் தண்ணிதானேடா, குடிக்கிறோமே" என்றார். குடிக்கும் தண்ணீரை யாரும் ஓர் ஆண்டு மூடி இல்லாமல் வைப்பதில்லை என்று சொன்னேன்.

இப்போது புட்டியில் சொன்ன அளவில் ஸ்கிரீன்வாஷ் கலந்து ஊற்றுகிறார். உறைபனி இல்லாத ஊர் என்பதால் குளிருக்கான கலவை வாங்கத் தேவையில்லை. மூடி புதிது, உறிஞ்சுவாயில் வலை உண்டு. வண்டியை வெளியே எடுக்காத வாரங்களிலும் ஒருமுறை சாவியைப் போட்டு ஐந்து நொடி தண்ணீர் அடித்துப் பார்க்கிறார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அழுத்துகிறார்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்தேன். 285 மில்லி. பதினைந்து மில்லி எங்கே போனது என்று தேடினேன். ஃபியூஸில் 0.1 என்று இருந்தது 0.4 ஆகியிருந்தது. சுழற்றிவிட்டேன், 300 திரும்பியது. அடுத்த அளவு தீபாவளிக்கு முன்னால், அவர் மறுபடி மலாக்கா போகும் வாரத்தில்.